'எனக்கு வீக்கா இருக்கு': இதை ஆங்கிலத்தில் சரியாகச் சொல்வது எப்படி?

'வீக்' என்ற சொல் நம் பேச்சில் எப்போதோ கலந்துவிட்டது. படிக்காத பாட்டிகூட 'ரொம்ப வீக்கா இருக்குப்பா' என்றுதான் சொல்கிறார். அதனால் சொல் எல்லோருக்கும் தெரியும். சறுக்குவது வாக்கியத்தில்தான்.

தமிழில் பசி, தூக்கம், தலைவலி, அசதி எல்லாம் 'எனக்கு' வரும். ஆங்கிலத்தில் பலவீனம் 'எனக்கு' இருக்காது, 'நான்' பலவீனமாக இருப்பேன். இந்த ஒரு மாற்றத்தைச் செய்யாமல் பேசும்போதுதான் 'ஃபார் மீ வெரி வீக்னஸ்', 'இட் இஸ் வீக் டு மீ' போன்றவை பிறக்கின்றன. 'எனக்கு' என்று மனத்தில் தோன்றியதும் வாயில் 'ஐ' வர வேண்டும்: 'ஐ ஃபீல் வீக்'. அப்பாவுக்கு என்றால் 'மை ஃபாதர் ஃபீல்ஸ் வீக்'. 'மை பாடி இஸ் வீக்' இலக்கணப்படி தவறில்லை, ஆனால் அன்றாடப் பேச்சில் ஆங்கிலேயர் அப்படிச் சொல்வது அரிது. உடம்பைத் தனியாகப் பிரிக்காமல் ஆளையே சொல்வார்கள்.

'ஐ ஃபீல் வீக்', 'ஐ ஆம் வீக்' இரண்டும் ஒன்றல்ல. முதலாவது இப்போது உடம்பில் தெரியும் தளர்ச்சி. இரண்டாவதைத் தனியாக விட்டால், என்றைக்குமே பலமில்லாதவர் என்றோ மன உறுதி இல்லாதவர் என்றோகூடப் பொருள் போகும். 'ஹி இஸ் அ வீக் மேன்' என்றால் கேட்பவர் பெரும்பாலும் அவர் குணத்தைத்தான் நினைப்பார். ஆகவே நோயாளியைப் பற்றிப் பேசும்போது 'மேன்', 'உமன்' போன்ற சொற்களுக்கு முன்னால் 'வீக்'கைப் போடாதீர்கள். 'ஹி இஸ் ஸ்டில் வீக்' என்று சொல்லுங்கள். 'இன்னும் தெம்பு வரவில்லை' என்பது அதில் சரியாக வந்துவிடும். உறுப்புகளுக்கு இந்தக் கவலை வேண்டாம்: 'வீக் ஹார்ட்', 'வீக் ஐசைட்' எல்லாம் இயல்பானவை.

'ஃபீல்' வினைச்சொல் ஆயிற்றே என்று 'ஐ ஃபீல் வீக்லி' என்பவர்களும் உண்டு. 'ஃபீல்', 'லுக்', 'சவுண்ட்' ஆகியவற்றுக்குப் பின் பெயரடைதான் வரும்: 'யூ லுக் வீக்', 'ஹர் வாய்ஸ் சவுண்ட்ஸ் வீக்'. 'வீக்லி' என்றால் 'வாராவாரம்' என்றுதான் காதில் விழும், உச்சரிப்பு ஒன்றே. ஒரு செயல் பலமின்றி நடந்தது என்று சொல்லும்போது மட்டும் அது பொருந்தும்: 'ஷி ஸ்மைல்ட் வீக்லி'.

காரணத்தைச் சேர்க்கும்போது 'காய்ச்சலால்' என்பதில் உள்ள 'ஆல்' நம்மை 'பை' என்ற சொல்லுக்கு இழுத்துப் போகும். 'வீக் பை ஃபீவர்' தவறு. நோய் முடிந்த பிறகு என்றால் 'ஆஃப்டர்': 'ஐ ஃபெல்ட் வீக் ஆஃப்டர் த ஃபீவர்'. ஒன்றை இழந்ததாலோ இல்லாததாலோ என்றால் 'ஃப்ரம்': 'ஹி வாஸ் வீக் ஃப்ரம் லாஸ் ஆஃப் பிளட்'. பசியும் பயமும் அந்த நொடியில் ஆட்டிவைத்தால் 'வித்': 'ஷி வாஸ் வீக் வித் ஹங்கர்'. எது என்று குழம்பினால் 'பிகாஸ் ஆஃப்' போடுங்கள், எங்கும் பிழையாகாது.

'எழுந்து நிற்க முடியாத அளவுக்கு' என்பதற்கு 'டூ வீக் டு ஸ்டாண்ட்'. இங்கே 'வெரி' போட்டால் வாக்கியம் உடைந்துவிடும். 'முடியாது' என்ற பொருள் 'டூ'வுக்குள்ளேயே இருப்பதால் 'நாட்' சேர்க்க வேண்டாம். 'ஸோ' போட்டுத் தொடங்கினால் மட்டும் 'காண்ட்' தேவை: 'ஷி இஸ் ஸோ வீக் தட் ஷி காண்ட் ஸ்டாண்ட்'. 'ரொம்ப' என்பதற்கெல்லாம் 'டூ' போடும் பழக்கத்தையும் விட வேண்டும். வெறுமனே 'ஐம் டூ வீக்' என்றால் 'எதற்கு முடியாத அளவுக்கு?' என்ற கேள்வி கேட்பவர் மனத்தில் தொங்கி நிற்கும்.

மருத்துவரிடம் பேசும்போது இன்னும் கவனம் வேண்டும். நாம் அசதி, கிறுகிறுப்பு, மயக்கம் எல்லாவற்றையும் 'வீக்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். மருத்துவருக்கு அந்தச் சொல் முதலில் குறிப்பது தசையின் பலக் குறைவை. அதனால்தான் 'என் கையைத் தள்ளுங்கள்' என்று சொல்லிப் பலத்தைச் சோதிக்கிறார். எவ்வளவு தூங்கினாலும் களைப்பு தீரவில்லை என்றால் 'ஐம் டயர்ட் ஆல் த டைம்'. தலை சுற்றினால் 'ஐ ஃபீல் டிஸி'. நாம் பழகிய 'கிடி' என்ற சொல் அமெரிக்காவில் பெரும்பாலும் சந்தோஷத்தில் துள்ளுவதையே குறிக்கும். கண் இருட்டிக்கொண்டு விழப்போவது போல இருந்தால் 'ஐ ஃபீல் ஃபெயின்ட்'. பொருளைத் தூக்கவோ படியேறவோ பலம் இல்லை என்றால்தான் 'வீக்', அதுவும் எந்த இடம் என்று சொல்லி: 'மை லெக்ஸ் ஃபீல் வீக் வென் ஐ கிளைம்ப் ஸ்டேர்ஸ்'.

ஒரு பக்கக் கையோ காலோ திடீரென்று பலமிழந்தால், முகம் கோணினால், பேச்சு குழறினால் அது பக்கவாதமாக இருக்கலாம். பிரிட்டனில் 999, தமிழ்நாட்டில் 108 எண்ணை உடனே அழைக்க வேண்டும். சொல்ல வேண்டிய வாக்கியம்: 'ஹிஸ் லெஃப்ட் ஆர்ம் ஹாஸ் சடன்லி கான் வீக்'. தொடர்ந்து நேரம்: 'இட் ஸ்டார்ட்டட் அட் டென் தர்ட்டி'. ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக 4.5 மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும் என்பதால் இந்த இரண்டாவது வாக்கியம் முதலாவதற்குக் குறைந்ததல்ல.

'வீக்னஸ்' பெயர்ச்சொல். 'ஐ ஆம் வீக்னஸ்' எப்போதும் தவறு. 'ஐ ஹாவ் அ வீக்னஸ் ஃபார் ஸ்வீட்ஸ்' என்றால் இனிப்பைக் கண்டால் விட மாட்டேன் என்று பொருள். இடத்தோடு சேர்ந்து வந்தால் அது உடல்நிலையைத் தெளிவாகச் சொல்லும்: 'ஐ ஹாவ் சம் வீக்னஸ் இன் மை ரைட் ஹேண்ட்'.

வயதாகி மெலிந்து, ஒரு சின்ன விழுகையைக்கூடத் தாங்க முடியாதவருக்கு 'வீக்'கை விட 'ஃப்ரெய்ல்' பொருத்தம்: 'மை கிராண்ட்மதர் இஸ் 88 அண்ட் வெரி ஃப்ரெய்ல்'. அதில் பரிவு இருக்கிறது. முதியோர் மருத்துவத்திலும் இது முறையான சொல். 2001-இல் வெளியான அளவுகோல் ஒன்று எடை இழப்பு, களைப்பு, கைப்பிடியின் பலம் குறைதல், மெதுவான நடை, நடமாட்டக் குறைவு ஆகிய ஐந்தில் மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் அவரை 'ஃப்ரெய்ல்' என்கிறது. காய்ச்சலில் இரண்டு நாள் படுத்த இளைஞருக்கு இந்தச் சொல் ஒட்டாது.

'ஃபீபிள்' விஷயத்தில் எச்சரிக்கை தேவை. அகராதியில் அதுவும் 'பலவீனமான' என்றே இருக்கும். ஆனால் ஓர் ஆளைப் பார்த்துச் சொன்னால் இளக்காரம் தொனிக்கும். பிரிட்டனின் 1913-ஆம் ஆண்டு மனவளர்ச்சிக் குறைவுச் சட்டம் மனிதர்களில் ஒரு பிரிவினருக்கே 'ஃபீபிள் மைண்டட்' என்று பெயர் சூட்டியது. அந்தக் கறை இன்னும் போகவில்லை. குரலுக்கும் சாக்குப்போக்குக்கும் வைத்துக்கொள்ளுங்கள்: 'அ ஃபீபிள் வாய்ஸ்', 'அ ஃபீபிள் எக்ஸ்கியூஸ்'.

உச்சரிப்பில் கடைசி 'க்' அங்கேயே நிற்க வேண்டும், 'வீக்கு' என்று நீளக்கூடாது. எழுத்தில் டபிள்யூ, ஈ, ஏ, கே. இரண்டு ஈ போட்டால் அது வாரம். விடுப்புக் கடிதத்தில் அதிகம் தென்படும் பிழை இதுதான், எழுத்துப்பிழை திருத்தியும் பிடிக்காமல் விட்டுவிடலாம். கடிதத்துக்கு இவ்வளவு போதும்: 'த ஃபீவர் இஸ் கான், பட் ஐம் ஸ்டில் அ பிட் வீக். ஐல் பி பேக் ஆன் மண்டே.'