உப்பைக் குறைக்க ஒரு சின்னக் கிண்ணம்

எண்ணெய், சர்க்கரை, நடைப்பயிற்சி என்று எல்லாவற்றையும் திங்கட்கிழமை சேர்த்து ஆரம்பித்தால் வியாழக்கிழமைக்குள் ஒன்றும் மிஞ்சாது. ஒன்றை மட்டும் எடுங்கள். வீட்டில் யாருக்காவது ரத்தக்கொதிப்பு இருந்தால் அது உப்பாக இருக்கட்டும். பெரியவர் ஒருவருக்கு நாளுக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தலை தட்டிய ஒரு டீஸ்பூன் தூள் உப்பு ஏறக்குறைய அவ்வளவுதான்.

1. கணக்கெடுங்கள்
புது உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கும் அன்றே அதன் மேல் தேதியை எழுதுங்கள். நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டில் ஒரு கிலோ 30 நாளில் தீர்ந்தால், நாளுக்கு 33 கிராம். ஆளுக்கு எட்டு கிராமுக்கு மேல். ஊறுகாயும் கடைப் பலகாரமும் இதில் சேரவே இல்லை.

2. கிண்ணத்தில் எடுத்து வையுங்கள்
காலையிலேயே அன்றைய உப்பை எடை போட்டு ஒரு சின்னக் கிண்ணத்தில் வையுங்கள். சட்னியோ சாம்பாரோ, எல்லாம் அதிலிருந்துதான். இட்லி மாவு மூன்று நாளுக்கு வருமென்றால் அதற்குப் போட்ட உப்பை மூன்றாகப் பிரித்துக் கழியுங்கள்.

நான்கு பெரியவர்கள் உள்ள அந்த வீட்டில் முதல் இரண்டு வாரம் நாளுக்கு 30 கிராம், அடுத்த இரண்டு வாரம் 27, பிறகு 24, 22, 20. ஒரேயடியாகப் பாதியாக்கினால் நாக்கு உடனே கண்டுபிடித்துவிடும். சாப்பிடுபவர் தட்டில் உப்பைத் தூவிக்கொள்வார். பத்தில் ஒரு பங்கு குறைந்தால் பெரும்பாலும் தெரியாது, சில வாரத்தில் பழகியும்விடும்.

கல் உப்பிலிருந்து தூளுக்கு மாறுபவர்கள் பழைய கரண்டிக் கணக்கை விட்டுவிடுங்கள். கல்லுக்கு இடையே வெற்றிடம் இருப்பதால், அதே கரண்டியில் தூள் எடை கூடுதலாக நிற்கும்.

3. போடும் நேரத்தை மாற்றுங்கள்
சோறு வடிக்க உப்பு வேண்டாம். பொரியலுக்கு இறக்கும்போது தூவினால் உப்பு காயின் மேலேயே நிற்கும், கொஞ்சம் போட்டாலும் நாக்குக்குத் தெரியும். குழம்பு சுண்டும் என்பதால் கொதிக்கும் முன்பே ருசி பார்த்துச் சரிக்கட்டினால் கடைசியில் கரிக்கும். சப்பென்று இருந்தால் உப்பு டப்பாவைத் தேடாமல் நாலு சொட்டு எலுமிச்சையோ ஒரு சிட்டிகை மிளகுத்தூளோ சேர்த்துப் பாருங்கள்.

4. ஊறுகாய், அப்பளம்
ஊறுகாய் போடும்போது உப்பைக் குறைக்காதீர்கள், பூஞ்சை பூத்துவிடும். ஊறுகாய் சாப்பிடும் அளவைத்தான் குறைக்க வேண்டும்: வாரம் இரண்டு நாள் மட்டும், மற்ற நாளில் புதினாத் துவையல். அப்பளத்தைச் சுட்டால் எண்ணெய் குறையும். உப்பும் அப்பளக்காரமும் அப்படியே இருக்கும்.

5. பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்
பின்புறம் உள்ள சோடியம் அளவை 2.5 ஆல் பெருக்கினால் உப்பு. 100 கிராமில் 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு.

இந்துப்பும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான். அயோடின் சேர்த்த சாதா உப்பையே குறைவாகப் பயன்படுத்துங்கள். சோடியம் குறைத்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் ரத்தக்கொதிப்பு மாத்திரை சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதை வாங்கவே கூடாது. உப்பு குறைந்ததென்று மாத்திரையைத் தானாக நிறுத்தவும் கூடாது.