பாசிக்குன்னு தனியா ஒரு இடம்: உப்புத்தண்ணி டேங்க்குக்கு ஆல்கே ஸ்க்ரப்பர் செய்யுறது எப்படி

கடல் மீன் வளர்க்கிற டேங்க்ல வாரா வாரம் 20 சதவீதம் தண்ணி மாத்துறேன், நுரையோட அழுக்கை எடுக்கற ஸ்கிம்மரும் ஓடுது, தீனியக்கூட குறைச்சுட்டேன், அப்பவும் கல்லு மேல முடி முடியா பச்சைப்பாசி வளருதேன்னு தவிக்கிறவங்களுக்காகத்தான் இதை எழுதுறேன். எங்க வீட்ல இருக்கறது 300 லிட்டர் டேங்க், பவளம் எதுவும் கிடையாது, க்ளவுன் மீனு, டாம்ஸல் மீனு, டாங்க்னு சொல்ற மீனு ஒண்ணு, அவ்ளோதான். ரெண்டு வருசம் நைட்ரேட் 40 பிபிஎம்முக்கு கீழ இறங்கவே இல்ல.

விசயம் ரொம்ப சிம்பிள். மீனுக்கு போடுற தீனிதான் கடைசியில நைட்ரேட்டாவும் பாஸ்பேட்டாவும் தண்ணியில நிக்குது, அதைத் தின்னு வளர பாசி எங்கயாவது வந்தே தீரும். அது கண்ணாடியிலயும் கல்லுலயும் வளர்றதுக்கு பதிலா, டேங்க்கை விட நல்ல வெளிச்சமும் வேகமான தண்ணியும் குடுத்து சம்ப்புக்கு (டேங்க் தண்ணி இறங்கி வந்து திரும்ப மேல போற கீழ்த்தொட்டி) மேல ஒரு வலையில வளர விட்டா அங்க போயிடும், வாரம் ஒருக்கா சுரண்டி வெளிய போட்டுட்டா அழுக்கும் அதோட போயிடும். இதுக்குப் பேர்தான் ஆல்கே ஸ்க்ரப்பர். அமெரிக்காவுல ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துல விஞ்ஞானியா இருந்த வால்ட்டர் ஏடி இதுக்கு 1982லயே பேட்டன்ட் வாங்கிட்டாரு, அவரு தொட்டி கவிழ்ந்து கவிழ்ந்து அலை மாதிரி தண்ணி கொட்டுற மாதிரி பண்ணாரு. நாம பண்ணப்போறது அதை விட ஈசி, நின்னுக்கிட்டு இருக்கற வலை மேல அருவி மாதிரி தண்ணி வழியும்.

முதல்ல சைஸ். டேங்க் எத்தனை லிட்டர்னு பாக்காதீங்க, ஒரு நாளைக்கு எவ்ளோ தீனி போடுறீங்கன்னு பாருங்க. ஃப்ரோசன் தீனி ஒரு க்யூப்புக்கு 12 சதுர இஞ்ச் வலை, ரெண்டு பக்கமும் லைட் அடிக்கணும். நான் ரெண்டு க்யூப் போடுறேன், அதனால 6 இஞ்ச் அகலம் 4 இஞ்ச் உயரம். இவ்ளோ சின்னதான்னு தோணும், ஆனா பெருசா போட்டா பாசி திட்டுத்திட்டா மெலிசாத்தான் வளரும். வலைக்கு எம்ப்ராய்டரி சாமான் விக்கிற கடையில கிடைக்கிற ப்ளாஸ்டிக் கேன்வாஸ் போதும், ஆனா அப்படியே மாட்டிடாதீங்க, ஹேக்ஸா ப்ளேடால ரெண்டு பக்கமும் நாலா திசையிலயும் கீறி கள்ளிச்செடி தொட்டா குத்துமே அந்த மாதிரி சொரசொரப்பா ஆக்கணும். இதுல அரை மணி நேரம் சோம்பேறித்தனம் பட்டா அப்புறம் பாசி வேர் பிடிக்காம பேத்துக்கிட்டு சம்ப்புல விழும்.

அடுத்து பைப். முக்கால் இஞ்ச் பிவிசி, ஒரு முனையில மூடி, அடியில வலையோட அகலத்துக்கு 3 மில்லிமீட்டர் கேப் விட்டு நேரா ஒரு கோடு வெட்டி அதுக்குள்ள வலையை சொருகி கேபிள் டை போட்டா முடிஞ்சது. அகலத்துல ஒவ்வொரு இஞ்ச்சுக்கும் மணிக்கு 130 லிட்டர் தண்ணி வேணும், 6 இஞ்ச்சுக்கு கிட்டத்தட்ட 800. பம்ப் டப்பாவுல போட்டிருக்கற அளவு மேல ஏத்துற உயரத்துக்கு தகுந்த மாதிரி குறையும், அதனால 1500 லிட்டர் பம்ப் வாங்கி வால்வ் வச்சு குறைச்சுக்கோங்க. பைப்ல ஒரு யூனியன் (திருகிக் கழட்டுற இணைப்பு) கண்டிப்பா போடுங்க, வாரா வாரம் கழட்டப்போறீங்க. வலையோட அடிப்பக்கம் சம்ப் தண்ணியத் தொடுற மாதிரி வச்சா சலசல சத்தமும் தெறிக்கறதும் குறையும்.

லைட்டுக்கு 660 நானோமீட்டர் சிவப்பு எல்இடி நல்லது, க்ரோ லைட்டுன்னு கேட்டா கிடைக்கும், க்யூப்புக்கு 6 வாட் கணக்கு, ரெண்டு பக்கமும் சமமா பிரிச்சு. டைமர்ல 18 மணி நேரம், டேங்க் லைட் அணையற ராத்திரி நேரத்துல இது எரியற மாதிரி வச்சா அந்த நேரத்துல பிஹெச் ரொம்ப இறங்காது. உப்புத்தண்ணி தெறிக்கிற இடத்துல கரன்ட் வேலை, அதனால லைட்டுக்கும் தண்ணிக்கும் நடுவுல அக்ரிலிக் தகடு, வயர் ப்ளக்குக்கு போறதுக்கு முன்னாடி கீழ தொங்கி வளைஞ்சு போகணும், லைன்ல ஆர்சிசிபி (கரன்ட் கசிஞ்சா உடனே கட் பண்ற ஸ்விட்ச்) இருக்கணும். இது இல்லாம தயவுசெஞ்சு ஆரம்பிக்காதீங்க, வீட்ல குழந்தைங்க இருப்பாங்க.

மாட்டின உடனே டேங்க்ல இருக்கற பாசியக் கொஞ்சம் எடுத்து வலை மேல நல்லா தேய்ச்சு விடுங்க. முதல் வாரம் பழுப்பு வழவழப்புதான் வரும், பயப்படாம லேசா தொடைச்சு விடுங்க, மூணு நாலு வாரத்துல பச்சை முடி கிளம்பும். கருப்பா தார் மாதிரி வந்தா வெளிச்சம் பத்தலன்னு அர்த்தம், மஞ்சளா ரப்பர் மாதிரி வந்தா வெளிச்சம் அதிகம், நேரத்தைக் குறைங்க.

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றேன். இங்க ஃபில்டர்னு சொல்றது வலையும் இல்ல லைட்டும் இல்ல, நீங்க சுரண்டி எடுக்கறதுதான் ஃபில்டர். 7 நாளைக்கு ஒருக்கா வலையக் கழட்டி சிங்க்குக்கு கொண்டு போயி பழைய ஏடிஎம் கார்டால சுரண்டுங்க, மெலிசா ஒரு படலம் மட்டும் விட்டுட்டு குழாய்த் தண்ணியில அலசுங்க, நல்ல தண்ணி பட்டா பாசியத் தின்னுற குட்டி பூச்சிங்களும் செத்துரும். நான் ஒரு தடவை வளர்த்தி நல்லா இருக்கேன்னு ஆசையில மூணு வாரம் விட்டுட்டேன், மேல பச்சையா கம்பளி மாதிரி இருந்துச்சு, உள்ள வெளிச்சம் போகாம வேரெல்லாம் அழுகி, புடிச்சு வச்சிருந்த பாஸ்பேட் மொத்தமும் தண்ணிக்கே திரும்பிடுச்சு. அழகு பாக்காதீங்க, எடுத்துடுங்க.

சுமார் பத்து வாரத்துல எனக்கு நைட்ரேட் 10க்கு வந்துச்சு, கல்லு மேல இருந்த பாசியும் வெளுத்து உதிர ஆரம்பிச்சது. அதுக்காக உடனே ஸ்கிம்மரைத் தூக்கி போட்டுடாதீங்க. நைட்ரேட், பாஸ்பேட் ரெண்டுமே பூஜ்ஜியத்துக்கு போற மாதிரி தெரிஞ்சா தீனிய கொஞ்சம் கூட்டுங்க இல்ல லைட்டைக் குறைங்க, சுத்தமா சத்தே இல்லாத தண்ணியில டைனோன்னு பழுப்பா குமிழி குமிழியா கோழை மாதிரி ஒண்ணு வர்றதை நிறைய பேர் பாத்திருக்காங்க, அது பச்சைப்பாசிய விட மோசம். தண்ணி லேசா மஞ்சளா தெரிஞ்சா ஆக்டிவேட்டட் கார்பன் (ஃபில்டர் கரி) போடுங்க. காப்பர் மருந்து மட்டும் மெயின் டேங்க்ல ஊத்தவே ஊத்தாதீங்க, ஸ்க்ரப்பர் பாசி செத்துப்போயிடும், சீக்கு மீனைத் தனி தொட்டியில வச்சு பாருங்க.

சென்னை வெயில்ல தண்ணி வழியறதால ஆவியாகறது கூடும், சூடு கொஞ்சம் குறையும், அது நல்லதுதான், ஆனா குறையற அளவுக்கு ஆர்ஓ தண்ணி மட்டும் ஊத்துங்க, உப்பு ஆவியாகாது. கரன்ட் கட் ஆனா வலை சில மணி நேரத்துலயே காய்ஞ்சு பாசி செத்துரும், அதனால லைட் அணைஞ்சாலும் பரவால்ல, ஸ்க்ரப்பர் பம்ப்பை இன்வெர்ட்டர்ல குடுங்க. அதுவும் இல்லன்னா வலையக் கழட்டி சம்ப் தண்ணிக்குள்ள போட்டு வைங்கன்னு வீட்ல இருக்கறவங்களுக்கு ஒரு தடவை செஞ்சு காமிச்சுட்டு ஊருக்கு போங்க.