மோனோகிளினிக் கனிமங்கள்: மாணவர்கள் தவறும் இடங்கள்

சென்னையில் ஜியாலஜி படிக்கும் மாணவர்களிடம் மோனோகிளினிக் என்ற படிகத் தொகுதி என்றால் என்ன என்று கேட்டால், "மூன்று அச்சுகளும் வெவ்வேறு நீளம், இரண்டு கோணம் 90 டிகிரி, பீட்டா என்ற மூன்றாவது கோணம் மட்டும் 90 இல்லை" என்று தடுமாறாமல் சொல்வார்கள். தேர்வுத்தாளுக்கு அது போதும். கையில் ஒரு கனிமத்தைக் கொடுத்தாலோ மைக்ராஸ்கோப்பில் ஒரு ஸ்லைடை வைத்தாலோதான் சிக்கல் தொடங்குகிறது. அந்த ஒரு வரியால் சொல்ல முடியாததையெல்லாம் அதிலிருந்து எடுக்கப் பார்க்கிறார்கள்.

முதல் தவறு, மோனோகிளினிக் கனிமங்களுக்குப் பொதுவான கடினத்தன்மையோ அடர்த்தியோ இருக்கும் என்று எதிர்பார்ப்பது. மோஸ் அளவுகோலில் 2-க்கு உரிய ஜிப்சமும் மோனோகிளினிக்தான், 6-க்கு உரிய ஆர்த்தோகிளேஸ் ஃபெல்ட்ஸ்பாரும் மோனோகிளினிக்தான். ஜிப்சத்தின் ஒப்படர்த்தி சுமார் 2.3. மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் இருக்கும் மோனசைட்டுக்கு 5-ஐ ஒட்டி வரும். உல்ஃப்ரமைட் 7-ஐத் தாண்டிவிடும். இவற்றைத் தீர்மானிப்பவை அணுக்களும் பிணைப்புகளும். படிகத் தொகுதி சொல்வது சமச்சீரை மட்டுமே.

அந்தச் சமச்சீரையும் கோணத்தை வைத்து அடையாளம் காண முயல்வது அடுத்த தவறு. தீப்பெட்டியின் மேலுறையை ஒரு பக்கமாக அழுத்தினால் வாய் சாய்சதுரமாகச் சரியும். நீளவாக்கு மட்டும் அந்த வாய்க்குச் செங்குத்தாகவே நிற்கும். அந்த நீளவாக்குதான் பி அச்சு. அதைச் சுற்றி 180 டிகிரி திருப்பினால் படிகம் பழையபடி பொருந்த வேண்டும், அல்லது அதற்குச் செங்குத்தாக ஓர் ஆடித்தளம் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். மோனோகிளினிக் என்பதற்கு உண்மையான நிபந்தனை இதுதான். பீட்டா தற்செயலாக 90-ஐ ஒட்டி வந்தாலும் பரவாயில்லை. ஸ்டாரோலைட்டில் அப்படித்தான் இருக்கிறது, ஆனாலும் அது மோனோகிளினிக். மஸ்கோவைட் மைக்காவின் அறுகோணத் தகட்டைப் பார்த்து ஹெக்ஸகனல் என்று எழுதுவதும் இதே ஏமாற்றம்தான்.

ஜிப்சத்தின் பீட்டா ஒரு புத்தகத்தில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் அலகான அலகுக்கூட்டை எப்படித் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைப் பொறுத்து அந்த எண் மாறும். பெரம்பலூர் பக்கம் காரைக்குக் களப்பயணம் போனால், களிமண்ணுக்குள் ஜிப்சம் நரம்புகளைப் பார்க்கலாம். தகடாகப் பிரியும் செலனைட் (தெளிவான ஜிப்சம்) துண்டு கிடைத்தால் ஒன்று செய்து பாருங்கள். அந்தத் தகட்டுத் தளம் (010), அதாவது பி அச்சுக்குச் செங்குத்தான தளம். அதை மெல்ல உடைத்தால் 66, 114 டிகிரி மூலைகளோடு சாய்சதுரத் துண்டுகள் கிடைக்கும். சரிவை இவ்வளவு தெளிவாக வெறும் கண்ணுக்குக் காட்டும் கனிமம் வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

ஃபெல்ட்ஸ்பாரில் ஓர் எச்சரிக்கை. கிரானைட்டில் இளஞ்சிவப்பாக இருப்பதையெல்லாம் ஆர்த்தோகிளேஸ் என்று எழுதிவிடாதீர்கள். அது முச்சரிவு (டிரைகிளினிக்) தொகுதியைச் சேர்ந்த மைக்ரோகிளினாகவும் இருக்கலாம். ஆர்த்தோகிளேஸின் இரண்டு பிளவுகளும் (எளிதில் உடையும் தளங்கள்) சரியாக 90 டிகிரியில் வெட்டிக்கொள்கின்றன. மைக்ரோகிளினில் அது ஒரு டிகிரிகூட விலகுவதில்லை, கண்ணால் பிரிக்க முடியாது. ஸ்லைடில் குறுக்கும் நெடுக்குமாக வலைபோன்ற இரட்டைப் படிக அமைப்பு தெரிந்தால் அது மைக்ரோகிளின்.

இனி அதிகம் பேர் சறுக்கும் இடம், எக்ஸ்டிங்ஷன்: ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு போலராய்டுகளுக்கு நடுவே ஸ்லைடைத் திருப்பும்போது துகள் இருண்டுபோவது. இருளும் நிலையில் பிளவுக்கோடு குறுக்கிழைக்கு இணையாக இருந்தால் நேர், கோணத்தில் இருந்தால் சாய்ந்தது. "மோனோகிளினிக் என்றால் சாய்ந்த எக்ஸ்டிங்ஷன், ஆர்த்தோராம்பிக் என்றால் நேர் எக்ஸ்டிங்ஷன்" என்று மனப்பாடம் செய்துகொண்டு (ஆர்த்தோராம்பிக் என்பது மூன்று அச்சுகளும் ஒன்றுக்கொன்று செங்குத்தான தொகுதி) ஒரே ஒரு துகளைப் பார்த்து முடிவு எழுதுவது. பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துச் சார்னோகைட் பாறையை வைத்தே பார்ப்போம். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல் இந்தப் பாறை என்பதால் புவியியலாளர் ஹாலண்ட் 1893-இல் அவர் பெயரையே இதற்கு வைத்தார். இதன் அடையாளக் கனிமம் ஹைப்பர்ஸ்தீன். அது பைராக்ஸீன் என்ற சிலிகேட் கனிமக் குடும்பத்தில் ஆர்த்தோராம்பிக் வகை. சில வகைகளில் அதோடு மோனோகிளினிக் பைராக்ஸீனும் சேர்ந்தே இருக்கும். ஆக, ஒரே ஸ்லைடில் இரண்டையும் பிரித்தாக வேண்டும்.

மோனோகிளினிக் பைராக்ஸீனில் ஒளியியல் திசைகளில் ஒன்று பி அச்சோடு ஒன்றிவிடுகிறது. அதனால் பி அச்சுக்கு இணையாக வெட்டுப்பட்ட துகள் நேராகவே இருண்டுவிடும். முழுச் சரிவும் (010) வெட்டில்தான் தெரியும். மற்ற வெட்டுகளில் இடைப்பட்ட ஏதோ ஒரு கோணம் வரும். ஹைப்பர்ஸ்தீனும் கோணலாக வெட்டுப்பட்டால் கொஞ்சம் சாய்வு காட்டும். அதனால் பல துகள்களை அளந்து, அவற்றில் பெரிய கோணத்தை எடுங்கள். சராசரி எடுக்கக் கூடாது. மோனோகிளினிக் பைராக்ஸீனான ஆகைட்டில் அது 35 முதல் 48 வரை போகும். ஆம்ஃபிபோல் குடும்பத்து ஹார்ன்பிளெண்டில் பெரும்பாலும் 15 முதல் 30-க்குள் நிற்கும். அப்புறம் ஸ்டேஜைத் திருப்பி, இளஞ்சிவப்பிலிருந்து பச்சைக்கு நிறம் மாறுகிறதா பாருங்கள். மாறினால், குறுக்கீட்டு நிறமும் மங்கலாக முதல் வரிசையிலேயே நின்றால், அது ஹைப்பர்ஸ்தீன். 56, 124 டிகிரி பிளவா (ஆம்ஃபிபோல்) அல்லது 87, 93 டிகிரி பிளவா (பைராக்ஸீன்) என்று கேட்டு ஆம்ஃபிபோலைப் பிரிப்பதும் குறுக்குவெட்டில் மட்டுமே செல்லும். நீளவாக்கு வெட்டில் இரண்டு பிளவுகளும் ஒரே திசைக் கோடுகளாகத்தான் தெரியும்.

எபிடோட் தனி வழக்கு. அது பி அச்சின் வழியாகவே நீள்கிறது. அதன் நீண்ட துகள்கள் நேராக இருளும், ஆனாலும் மோனோகிளினிக்தான்.

பிளஸ் டூ மாணவர்களுக்கு ஒன்று: மோனோகிளினிக் கந்தகம் சுமார் 95 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் நிலையானது. அலமாரியில் இருக்கும் மஞ்சள் கந்தகம் ராம்பிக், அதாவது ஆர்த்தோராம்பிக்.

கடைசியாக, சாம்பிள்களைக் கெடுக்கும் பழக்கங்கள். ரியல்கர் என்ற ஆர்சனிக் சல்ஃபைடு கனிமத்தை ஜன்னலோரம் வைத்தால் வெளிச்சத்தில் மஞ்சள் பொடியாக உதிரும். மூடிய பெட்டியில் வையுங்கள். ஜிப்சம் தண்ணீரில் சிறிதளவு கரையும், ஊறவைத்துக் கழுவாதீர்கள். ஜிப்சம் கலந்த மண்ணை வழக்கம்போல 105 முதல் 110 டிகிரி ஓவனில் உலர்த்தினால் படிகத்துக்குள் இருக்கும் நீரும் வெளியேறிவிடும், ஈரப்பதக் கணக்கு கூடுதலாக வரும். 80 டிகிரிக்கு மேல் போகாமல், எடை குறைவது நிற்கும் வரை கூடுதல் நேரம் வைத்து உலர்த்துங்கள்.