சைக்கிளைக் கண்டால் பாயும் நாய்க்கு
ஜேர்மன் ஷெப்பர்ட், கொலி போன்ற மேய்ச்சல் இன நாய்கள் வளவில் ஓடும் பிள்ளைகளைச் சுற்றி வளைப்பதும் குதிக்காலைக் கவ்வப் பார்ப்பதும் பெரும்பாலும் கோபத்தில் அல்ல. மந்தையை மடக்கும் பிறவிக்குணம். ஓடும் சைக்கிளைக் கண்டு பாய்வதும் அதனால்தான். அடித்தால் அது போகாது, பயம்தான் சேரும். காதும் கண்ணும் சைக்கிளில் குத்தி நிற்கும் அந்த நொடியிலேயே பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். திரும்பிப் பார்த்ததும் எலும்பில்லாத அவித்த கோழி ஒரு துண்டு. பாய்ந்த பிறகு கத்திப் பயனில்லை.

அப்புறம், நாலைந்து சிரட்டைகளைக் கவிழ்த்து, ஒன்றுக்குள் தீனியை ஒளித்துத் தேடவிடுங்கள். மூளைக்கு வேலை கிடைத்தால் பாதிக் குறும்பு அடங்கும். நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டுவது இந்த இனத்துக்குத் தண்டனைதான். மட்டக்களப்பு வெயிலில் நடை விடியற்காலையில். கல்லடிக் கடற்கரை மணல் சுடுமுன் வீடு திரும்புங்கள்.