மூட்டு மாற்ற சென்னை வருகிறீர்களா? நாள் கணக்கு இப்படிப் போடுங்கள்

கொழும்பிலிருந்து அம்மாவை முழங்கால் மூட்டு மாற்றக் கூட்டி வருகிறீர்கள் என்றால், ரிட்டர்ன் டிக்கெட்டைத் தேதி மாற்றக்கூடியதாகவே போடுங்கள். ஆஸ்பத்திரியில் சொல்கிற "நாலைந்து நாள்" வெறும் படுக்கைக் கணக்கு. அதற்கு முன்னால் ரத்தப் பரிசோதனை, இசிஜி, மயக்க மருந்து டாக்டர் என்று இரண்டு மூன்று நாள் போய்விடும், சர்க்கரை ஏறிக் கிடந்தால் ஆபரேஷனே தள்ளிப்போகும். அப்புறம் தையல் பிரிக்கச் சுமார் இரண்டு வாரம்.

விமானம் ஒன்றரை மணி நேரம்தானே என்று அவசரப்படாதீர்கள். காலில் ரத்தம் உறையும் அபாயம் சில வாரங்களுக்கு இருக்கும், எப்போது பறக்கலாம் என்று டாக்டரிடம் எழுதியே வாங்குங்கள். நானாக இருந்தால் ஐந்து வாரம் வைப்பேன். தங்கும் அறையில் லிஃப்டும் வெஸ்டர்ன் டாய்லெட்டும் இருக்கிறதா, நேரில் போய்ப் பாருங்கள். போனில் எல்லாரும் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள்.