கட்டுரையையும் ஆய்வுத் தரவையும் இணைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நூலகத் தேடலில் ஒரு கட்டுரையைத் திறந்தால், அது எந்தத் தரவை வைத்து எழுதப்பட்டதோ அந்தத் தரவும் பக்கத்திலேயே கிடைக்க வேண்டும். இந்த வேலையைப் புதிதாகக் கையில் எடுப்பவர்கள் மறுபடி மறுபடி அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். திறக்காத இணைப்பு, எழுத்துப்பிழை போன்றவை யார் கண்ணிலாவது பட்டுவிடும், அவற்றை விட்டுவிடலாம். யார் கண்ணிலும் படாமல் ஆண்டுக்கணக்கில் கேட்லாக்கில் கிடக்கும் தவறுகள்தான் இங்கே.

டி.ஓ.ஐ. எண்ணை வந்தபடியே சேமிப்பது

டி.ஓ.ஐ. என்பது கட்டுரைக்கோ தரவுக்கோ தரப்படும் நிலையான அடையாள எண். அதில் ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு கிடையாது. பான்கேயா என்ற புவி அறிவியல் தரவுக் களஞ்சியத்தின் டி.ஓ.ஐ.-களில் 10.1594 என்பதற்குப் பிறகு களஞ்சியத்தின் பெயர் பெரிய எழுத்தில் வரும். கட்டுரையின் மேற்கோள் பட்டியலில் அதே எண் சிறிய எழுத்தில் இருக்கலாம். அப்படியே ஒப்பிட்டால் நிரல் இரண்டையும் வெவ்வேறு என்றே சொல்லும். முன்னால் ஒட்டியிருக்கும் இணைய முகவரியை வெட்டுங்கள், '10.' என்று தொடங்கும் பகுதியை மட்டும் எடுங்கள், முழுவதையும் சிறிய எழுத்தாக்குங்கள். கடைசியில் ஒட்டிக்கொண்ட வாக்கிய முற்றுப்புள்ளியை நீக்குங்கள். மூடும் அடைப்புக்குறியைக் கண்ணை மூடிக்கொண்டு நீக்காதீர்கள், பழைய டி.ஓ.ஐ. பலவற்றில் அது எண்ணின் பகுதி. உள்ளே திறக்கும் குறி இருந்தால் மூடும் குறியும் இருந்தாக வேண்டும்.

ஆய்வின் பெயரைக் கண்டதும் இணைத்துவிடுவது

எல்லாவற்றிலும் அதிக விலை கொடுக்க வைப்பது இதுதான். இன்றும் எரிச்சலூட்டுவதும் இதுதான்.

சமூக அறிவியல் கட்டுரைகள் பெரும்பாலும் டி.ஓ.ஐ. தருவதில்லை. 'ஆல்பஸ் 1990 முதல் 1994 வரையிலான தரவு' என்று உரைக்குள் ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான். ஆல்பஸ் என்பது ஜெர்மனியின் பொதுச் சமூகக் கருத்தாய்வு. 1980 முதல் இரண்டாண்டுக்கு ஒருமுறை நடப்பது, தரவு கேசிஸ் நிறுவனத்தின் காப்பகத்தில் இருக்கிறது. புதியவர் எழுதும் நிரல் 'ஆல்பஸ்' என்ற பெயரைப் பிடிக்கும், காப்பகத்தில் தேடும், முதலில் வரும் பதிவோடு கட்டுரையை முடிச்சுப் போட்டுவிடும். இணைப்பு திறக்கும், பக்கமும் வரும். சோதித்தவர் 'சரி' என்று குறித்துவிடுவார்.

அந்தத் தொடரில் ஒவ்வொரு சுற்றுக்கும் தனி ஆய்வு எண் உண்டு. பல சுற்றுகளைச் சேர்த்த திரட்டுக் கோப்புக்கு வேறு எண். இவை ஒவ்வொன்றும் திருத்தப்படும்போது புதிய பதிப்புக்குப் புதிய டி.ஓ.ஐ. பெயர் ஒன்றுதான், பின்னால் இருப்பது டஜன் கணக்கான பொருள்கள். 1988-ஆம் ஆண்டுச் சுற்றை மட்டும் ஆராய்ந்த கட்டுரையைத் திரட்டுக் கோப்போடு இணைத்தால் என்ன ஆகும்? 1991 முதல் கிழக்கு ஜெர்மனியரும் மாதிரியில் இருக்கிறார்கள். கட்டுரையின் அட்டவணையைச் சரிபார்க்க வந்த மாணவர் கோப்பை இறக்கி எண்ணுவார். பதிலளித்தவர் தொகை ஒத்துவராது. கட்டுரை ஆசிரியர் மேல் சந்தேகம் விழும். தவறு நம் கேட்லாக்கில் இருக்கிறது என்று யாருக்கும் தோன்றாது.

ஆண்டு வரம்பைக் கணக்குப் போட்டு விரிப்பதும் இதே குழிதான். 1990 முதல் 1994 வரை இரண்டிரண்டாகக் கூட்டினால் மூன்று சுற்றுகள் வரும். உண்மையில் நான்கு: ஜெர்மனி இணைந்த பிறகு 1991-இல் கூடுதலாக ஒரு சுற்று நடந்தது. பெருந்தொற்றால் 2020-இல் நடக்க வேண்டியது 2021-க்குப் போனது. ஆகவே வரம்பைக் காப்பகத்தின் சுற்றுப் பட்டியலோடு ஒப்பிட்டு மட்டுமே விரியுங்கள்.

செய்ய வேண்டிய முறை இது. முதலில் வரியிலிருந்து பெயர், ஆண்டு, பதிப்பு மூன்றையும் தனித்தனியாகப் பிரியுங்கள். பெயரை ஒட்டி நிற்கும் ஆண்டு மேற்கோளின் வெளியீட்டு ஆண்டாகவும் இருக்கலாம், முழு வாக்கியத்தைப் பாருங்கள். ஆண்டு தெளிவாக இருந்தால் அந்தச் சுற்றின் ஆய்வு எண்ணோடு இணையுங்கள். பதிப்பு எண்ணோ டி.ஓ.ஐ.-யோ கட்டுரையிலேயே இருந்தால் மட்டும் பதிப்பு வரை இறங்குங்கள். கட்டுரைக்குப் பிறகு வெளியான பதிப்பை அந்தக் கட்டுரை பயன்படுத்தியிருக்க முடியாது. இந்த ஒரு தேதிச் சோதனையே கணிசமான தவறுகளை வடிகட்டும். ஒன்றும் தெளிவில்லையா? தொடரின் பொதுப் பக்கத்தோடு இணைத்து, 'தொடர் அளவிலான இணைப்பு' என்று திரையிலேயே காட்டுங்கள். துல்லியம் இல்லாத இடத்தில் துல்லியம் இருப்பதுபோல் காட்டக் கூடாது.

ஜெனோடோ என்ற தரவுக் களஞ்சியத்திலும் இதே சிக்கல் உண்டு. ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு டி.ஓ.ஐ., எல்லாப் பதிப்புகளுக்கும் பொதுவாக இன்னொன்று. பொது எண் எப்போதும் கடைசிப் பதிப்புக்கே போகும். ஆசிரியர் எதைக் கொடுத்தாரோ அதையே வையுங்கள்.

உறவின் வகையை எழுதாமல் விடுவது

தன் கட்டுரைக்காகத் திரட்டிய தரவும், பிறர் தரவை மேற்கோள் காட்டியதும் ஒன்றல்ல. ஆய்வுத் தரவுக்கு டி.ஓ.ஐ. பதியும் டேட்டாசைட் அமைப்பின் மெட்டாடேட்டாவில் (விவரக் குறிப்பில்) முன்னதற்கு 'இஸ் சப்ளிமென்ட் டு', பின்னதற்கு 'சைட்ஸ்' என்று தனித்தனி வகைகள் உள்ளன. எல்லாவற்றையும் 'தொடர்புடையது' என்று தட்டையாக்கினால் பிறகு பிரிக்க வழியே இல்லை. ஒரே இணைப்பு பதிப்பாளர் வழியாக, கட்டுரைகளுக்கு டி.ஓ.ஐ. பதியும் கிராஸ்ரெஃபிலிருந்தும் களஞ்சியம் வழியாக டேட்டாசைட்டிலிருந்தும் வரலாம். திரையில் ஒருமுறை காட்டுங்கள். ஆனால் இரண்டு மூலங்களையும் சேமியுங்கள். நாளை யாராவது கேள்வி கேட்டால் அதுதான் சான்று.

மார்க் பதிவுக்குள்ளேயே இணைப்பை வைப்பது

மார்க் என்பது கேட்லாக் பதிவை எண்ணிட்ட புலங்களாகப் பிரித்து வைக்கும் நூலக வடிவம். அதன் 856-ஆம் புலத்தில், இரண்டாம் குறியீடு 2 கொடுத்து, தரவு இணைப்பைப் போடலாம். 787-உம் உண்டு. புலம் தவறில்லை. கூட்டுக் கேட்லாக்கிலிருந்தோ விற்பனையாளரிடமிருந்தோ புதுப்பித்த பதிவு வந்து மேலே விழும் நாளில்தான் பிரச்சினை: பாதுகாக்கப்படாத உள்ளூர்ப் புலங்கள் எல்லாம் போய்விடும். இணைப்புகளைத் தனி அட்டவணையில் வையுங்கள். இரு முனைகளின் அடையாள எண், உறவின் வகை, மூலம், கண்ட முறை, நம்பக அளவு, தேதி ஆகியவை போதும். தேடலுக்கான இண்டெக்ஸ் கட்டும்போது பதிவோடு சேருங்கள். தவறான ஒரு விதியால் உருவான இணைப்புகளை ஒரே கட்டளையில் திரும்பப் பெறவும் இதுவே வழி.

நேராகக் கோப்புக்கே இணைப்பது

வேண்டாம், அனுமதி விதிகள் தரவின் அறிமுகப் பக்கத்தில்தான் இருக்கும்.

டி.ஓ.ஐ. உள்ளதெல்லாம் தரவு என்று நினைப்பது

ஃபிக்‌ஷேர் களஞ்சியத்தில் ஒரு கட்டுரையின் ஒவ்வொரு துணைக் கோப்பும் தனி டி.ஓ.ஐ. பெற்றிருக்கலாம். வளவகையை (தரவா, படமா, உரையா என்ற குறிப்பை) பார்த்து வடிகட்டாவிட்டால் ஒரே கட்டுரையின் கீழ் வெறும் படங்கள் 'தரவு' என்று வரிசை கட்டும்.

களஞ்சியப் பதிவுகளை ஒருமுறை அறுவடை செய்து நிறுத்துவது

தரவு பெரும்பாலும் கட்டுரைக்கு முன்பே களஞ்சியத்துக்குப் போய்விடுகிறது. அப்போது கட்டுரைக்கு டி.ஓ.ஐ. இருக்காது, தரவுப் பதிவில் உறவுப் புலம் காலியாகவே இருக்கும். கட்டுரை வெளியான பிறகு களஞ்சியம் அதை நிரப்பக்கூடும். பழைய பதிவுகளையும் மாதம் ஒருமுறையாவது மாற்றத் தேதியை வைத்து மறுபடி எடுங்கள். புதிய பதிவுகளை மட்டும் எடுக்கும் அமைப்புக்கு இந்த இணைப்புகள் கடைசிவரை வந்து சேராது.