பிஎச் ஸ்ட்ரிப்பை நம்பி மூடி போடுவதற்கு முன்

வீட்டிலிருந்தே ஊறுகாய், சாஸ் செய்து விற்கலாம் என்று அசோக் நகரில் என்னிடம் கற்றுக்கொள்ள வருகிறவர்களில் பாதிப்பேர் பையில் ஒரு பிஎச் ஸ்ட்ரிப் பெட்டியோடுதான் வருகிறார்கள். நனைத்தால் கலர் மாறி, புளிப்பு எவ்வளவு என்று காட்டுகிற பட்டை அது. ஆன்லைனில் கிடைக்கிறது, பாரிமுனைப் பக்கம் லேப் சாமான் விற்கும் கடைகளிலும் கிடைக்கும். வாங்கியது நல்லதுதான். அதை வைத்துக்கொண்டு அவர்கள் அடிக்கும் கூத்தெல்லாம் ஒரு காலத்தில் நானும் அடித்த கூத்து என்பதால், பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. ஈரக் கையால் தொடாதீர்கள், கலரை ஒப்பிடும் சார்ட்டைத் தொலைக்காதீர்கள் என்பதெல்லாம் பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறது. அதை விட்டுவிடுகிறேன்.

பிஎச் எண் குறையக் குறையப் புளிப்பு கூடுதல் என்று அர்த்தம். நமக்கு வேண்டிய எண் 4.6. பாட்டிலை மூடி காற்று புகாமல் வைக்கும்போது பொட்டுலிசம் என்ற கொடிய நோயைத் தரும் விஷத்தை உண்டாக்கும் கிருமி, பிஎச் 4.6-க்குக் கீழே வளராது. அந்த விஷத்துக்கு வாசனையோ ருசியோ கிடையாது. அதனால்தான் மூக்கையும் நாக்கையும் நம்பாமல் ஸ்ட்ரிப்பைத் தேடுகிறோம்.

மேலே நிற்கும் வினிகரை மட்டும் தொட்டுப் பார்ப்பது

இதுதான் எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது.

பெரம்பூரிலிருந்து வந்த ஒரு பெண். கைப்பக்குவம் அருமை. வினிகரில் ஊறவைத்த பூண்டு, முழுப் பல்லாகவே, பச்சை மிளகாயும் சேர்த்து. சாயங்காலம் பாட்டிலில் நிரப்பி, ராத்திரியே ஸ்ட்ரிப்பை மேலே விட்டு எனக்குப் படம் அனுப்பினார். "அக்கா, மூணு காட்டுது. ஓகேதானே?" மூன்று காட்டாமல் வேறென்ன காட்டும்? அவர் அளந்தது வினிகரை. கடையில் வாங்கிய வினிகர் புளிப்பாக இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க ஸ்ட்ரிப் எதற்கு?

பூண்டு தன்னளவில் புளிப்பே இல்லாத பொருள். அதன் பிஎச் 5.3-க்கு மேல்தான். பச்சை மிளகாய், இஞ்சி, கத்தரிக்காய் எல்லாம் அதே கும்பல், எல்லாம் 5-க்கு மேல். வினிகர் மெல்ல மெல்லப் பல்லின் நடுப்பகுதி வரை இறங்க வேண்டும். அதே நேரம் பூண்டில் இருக்கும் தண்ணீர் வெளியே வந்து வினிகரை நீர்க்கச் செய்யும். இரண்டும் சமமாகிற வரை வெளியே ஒரு எண், உள்ளே ஒரு எண். முழுப் பல்லுக்கு இது நாள்கணக்கில் ஆகும். நறுக்கிப் போட்டால் சீக்கிரம் முடியும்.

நான் பதில் எழுதுவதற்குள் பாட்டில்கள் கூரியரில் ஏறிவிட்டன. கொஞ்ச நாளில் மூடி உப்பிக்கொண்டது, திறந்தால் நுரைக்கிறது என்று வாங்கியவர்களிடமிருந்து போன். அந்த லாட் முழுவதையும் திரும்ப வரவழைத்துக் கொட்ட வேண்டியதாயிற்று. கூரியர் செலவு இரண்டு பக்கமும் அவர் தலையில். பணம் போனதைவிட, "அதான் மூணு காட்டுச்சே அக்கா" என்று கடைசிவரை ஸ்ட்ரிப்புக்காக வாதாடினார் பாருங்கள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மூடி உப்பியது ஒருவகையில் நல்ல காலம், கண்ணுக்குத் தெரிந்தது. தெரியாமலும் இருந்திருக்கலாம்.

சரி, எப்படி அளப்பது? ஊறும் நாட்களில் பாட்டில் ஃபிரிட்ஜிலேயே இருக்கட்டும். பிறகு பல்லை வெளியே எடுத்து, வினிகரை நன்றாக வடித்துவிட்டு, சின்ன ஜாரில் விழுதாக அரையுங்கள். அரைபடவில்லை என்றால் 100 கிராமுக்கு 10 முதல் 20 மில்லி டிஸ்டில்டு வாட்டர் விடலாம், பிஎச் பெரிதாக மாறாது. பேட்டரிக்கு ஊற்றுவதற்கு விற்கிறார்களே, அதே தண்ணீர் போதும். அளந்த விழுதை எப்படியும் குப்பையில்தான் போடப் போகிறோம். போர் தண்ணீரை மட்டும் விட்டுவிடாதீர்கள். பக்கெட்டில் வெள்ளையாகப் படிகிற அந்த உப்பு, புளிப்பில் கொஞ்சத்தைத் தின்றுவிடும், எண் ஏறிக் காட்டும்.

விழுது 4-க்குக் கீழே வந்தால் ஃபிரிட்ஜுக்கு வெளியே வைக்கலாம். வரவில்லையா, வினிகரைக் கூட்டி மறுபடி ஊற வையுங்கள். இல்லையென்றால் விற்கிற எண்ணத்தை விட்டுவிட்டு வீட்டு ஃபிரிட்ஜில் வைத்துச் சீக்கிரம் சாப்பிட்டு முடியுங்கள். நடுவில் பூண்டு பச்சை பச்சையாக நிறம் மாறினால் பதறி எனக்குப் படம் அனுப்ப வேண்டாம். புளிப்பில் பூண்டு அப்படித்தான் செய்யும், கெடுதல் இல்லை.

ஒன்று முதல் பதினான்கு வரை காட்டும் ஸ்ட்ரிப்பில் 4.6-ஐத் தேடுவது

அந்தச் சார்ட்டில் 4-க்கு ஒரு கலர், 5-க்கு ஒரு கலர். 4.6-க்குக் கலரே கிடையாது. "நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல இருக்கு மேடம்" என்று சொன்னால் அது பதில் ஆகாது. பிஎச்சில் ஒரு எண் தள்ளினால் அமிலம் பத்து மடங்கு மாறுகிறது, இதில் பாதி எண் என்பது சின்ன விஷயமா? குறுகிய எல்லைக்கென்றே, அரை எண் அளவுக்குப் பிரித்துக் காட்டும் ஸ்ட்ரிப்புகள் தனியாக வருகின்றன. அவற்றை வாங்குங்கள். அமெரிக்காவில் இப்படிப் புளிப்பேற்றி பாட்டிலில் அடைக்கும் உணவுக்கான அரசு விதியே, 4 அல்லது அதற்குக் கீழ் என்றால் எந்த முறையில் வேண்டுமானாலும் அளந்துகொள், அதற்கு மேல் என்றால் பிஎச் மீட்டரால் அளந்தே ஆக வேண்டும் என்கிறது. நான் 4 என்று மேலே சொன்னதும் அதனால்தான்.

எண்ணெயில் நனைப்பது

எண்ணெய்க்கு பிஎச் கிடையாது. வடியுங்கள், அப்புறம் அளங்கள்.

மிளகாய்ப்பொடியின் கலரைப் படிப்பது

தக்காளித் தொக்கில் நனைத்து எடுத்த காகிதம் ஆரஞ்சாக வருகிறது. சார்ட்டில் ஆரஞ்சு என்றால் 4. உடனே சந்தோஷம். அது மிளகாயின் ஆரஞ்சு, ஸ்ட்ரிப்புடையது இல்லை. மஞ்சள்தூள் இன்னும் மோசம், அது கறையாக ஒட்டிக்கொண்டு 6 என்று பயமுறுத்தும். போதாக்குறைக்கு, சுண்ணாம்பு பட்டால் சிவக்கிற மஞ்சளே ஒரு பிஎச் காட்டிதான். சாயம் கசியாத பட்டைகள் ஒட்டிய பிளாஸ்டிக் ஸ்ட்ரிப்பில் நனைத்ததும் டிஸ்டில்டு வாட்டரில் ஒரு முறை அலசினால் ஓரளவு தெரியும். ஆனால் தக்காளி விஷயத்தில் நான் ஸ்ட்ரிப்பை நம்புவதே இல்லை. ரகத்தையும் பழுத்த பக்குவத்தையும் பொறுத்து 4.3-இலிருந்து 4.9 வரை எங்கே வேண்டுமானாலும் நிற்கும் பழம் அது. தொக்கு விற்கிறவர் மீட்டர் வாங்கத்தான் வேண்டும், கூடவே மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க, பிஎச் 4, 7 என்று எண் தெரிந்த கரைசலுக்கான பஃபர் பாக்கெட்டுகளும்.

ராத்திரி சமையலறை விளக்கில் பார்ப்பது

மஞ்சள் பல்பின் கீழே எல்லாமே ஆரஞ்சுதான். காலையில் பாருங்கள்.

ஆர்ஓ தண்ணீரில் சோதித்துப் பயப்படுவது

இது ஊறுகாய்க்குச் சம்பந்தமில்லாதது, இருந்தாலும் எல்லா பேட்சிலும் யாராவது கேட்கிறார்கள். ஃபில்டர் விற்க வருகிறவர் சொட்டு மருந்து விட்டு, தண்ணீர் மஞ்சளானதும் "பாருங்க மேடம், ஆசிட்" என்கிறாராம். குடிநீருக்கு இந்தியத் தர அளவு 6.5 முதல் 8.5 வரை. ஆர்ஓ தண்ணீரில் உப்புகள் குறைவு என்பதால் காற்றிலிருக்கும் கரியமில வாயு கொஞ்சம் கரைந்தாலே எண் இறங்கிவிடும். சுத்தமான தண்ணீரைத் திறந்து வைத்தாலே 5.6 பக்கம் வரும். நீங்கள் குடிக்கிற எலுமிச்சை ஜூஸ் அதைவிட எத்தனையோ மடங்கு புளிப்பு. அப்படிப்பட்ட தண்ணீரில் ஸ்ட்ரிப்பின் கலரும் சரியாக ஏறாது.

ஸ்ட்ரிப்பை நேரே பாட்டிலுக்குள் விடுவது

வேண்டாம். ஒரு ஸ்பூனில் தனியாக எடுங்கள், அளந்ததும் கொட்டிவிடுங்கள்.

பெட்டியைத் திறந்தே வைப்பது

கடல் காற்றும் ஐப்பசி மழையும் இருக்கிற ஊரில் இது பெரிய தவறு. அடுப்புக்கு மேல் ஷெல்ஃபில் வைத்தால் ஆவியும் சேர்ந்துகொள்ளும். உபயோகிக்கும் முன்பே ஓரங்கள் நிறம் மாறியிருந்தால் அந்தப் பெட்டி முடிந்தது. சந்தேகமாக இருந்தால் அந்த 4 பஃபரில் ஒன்றை நனைத்துப் பாருங்கள். 4 காட்டாத ஸ்ட்ரிப்பைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள், ஸ்கூல் ப்ராஜெக்டுக்கு ஆகும்.